பழனியம்மாள் அக்காவுக்கு நான் போட்ட சத்து ஊசி

அஞ்சலட்டையில் எழுத்து பெரிதாக இருந்தது. படிப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான்கு வருடமாக எருத்தேன்பதியிலிருந்து பழனியம்மாள் அக்கா எனக்கு எழுதிக்கொண்டிருந்த அட்டைகளில் எழுத்து மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியாக வந்த அட்டையை டிஸ்பென்சரியில் இருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் படித்தேன். இந்த அட்டையிலோ வரிக்கு நான்கே சொற்கள். "அக்கா நேத்து காலைல போயிருச்சுங்க. காரியத்துக்கு அவசியம் வரோணும்." எழுதியிருந்தது பழனியம்மாள் அக்காவின் தம்பி ஆறுச்சாமி. பெரிய எழுத்தைப் பார்த்து ஒருவன் அழுதான் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் மருந்து கலக்கும் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

பழனியம்மாள் என்ற பெயர் எங்கள் எஸ்டேட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. நர்ஸம்மா என்றால்தான் தெரியும். ஏலப்பாறைக்கும் வண்டிப்பெரியாருக்கும் இடையில் இருக்கிற இந்தத் தேயிலை எஸ்டேட்டில் அவர் மருத்துவச்சி, நான் கம்பவுண்டர். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் டிஸ்பென்சரி எங்கள் இருவர் தலையில்தான். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எருத்தேன்பதியில் அவருடையது தோட்டமும் கிணறும் உள்ள விவசாயக் குடும்பம். கல்யாணமான இரண்டாம் வருடமே கணவர் இறந்துவிட, கோயமுத்தூரில் மருத்துவச்சிப் பயிற்சி முடித்து, வீட்டார் எல்லாரும் கூடித் தடுத்தும் கேட்காமல் மலையேறி வந்தவர். தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயங்களில் பேசுகிற திருநெல்வேலித் தமிழுக்கு நடுவே அவருடைய கொங்குத் தமிழ் தனியாகக் கேட்கும். பிரசவ வலியில் ஊரைக் கூட்டுகிறவளிடமும் மரியாதை குறையாமல், "இன்னும் கொஞ்சம் முக்குங்க கண்ணு, ஆச்சுங்க, ஆச்சுங்க" என்பார். வலியோடு வலியாக அந்தப் பெண்கள் சிரித்துவிடுவார்கள்.

தொப்புள்கொடியில் நூல் கட்டுவதுதான் அவருக்குப் பிரியமான வேலை. அதற்கான நூலை அவரே கொதிக்க வைத்து, அவரே அளந்து வெட்டி வைத்துக்கொள்வார். "முடிச்சு உழுகற வரைக்கும் அது ஒரே உசுருதானுங்க தம்பி. முடிச்சு உழுந்தாத்தான் ரெண்டு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கை விரல்களாலும் பல்லாலும் அவர் முடிச்சுப் போடுவதை அவசரமான நேரங்களில் பார்த்திருக்கிறேன். அந்த முடிச்சு அவிழ்ந்ததாக ஒரு நாளும் யாரும் சொன்னதில்லை.

அவர் கையில் பிறந்த பிள்ளைகள் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் இருக்கிறார்கள். பிள்ளைகளே, இதை உங்கள் அம்மாமார்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அஞ்சலி எழுதுவதாகச் சொல்லித்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத இது வேறொன்றாக ஆகிக்கொண்டிருக்கிறது.

முதலில் சிறுத்தது பிறப்புப் பதிவேட்டில் அவருடைய எழுத்து. எழுபத்தொன்றிலோ எழுபத்திரண்டிலோ ஆரம்பித்திருக்கும். வரி தொடங்கும்போது ஒழுங்காக இருக்கும். தகப்பன் பெயருக்கு வருவதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். ஆபீஸ் கிளார்க் பதிவேட்டைத் திருப்பி அனுப்பினார். நான் சும்மா இருப்பேனா? "என்னக்கா, எஸ்டேட்டுக்கு மை மிச்சம் பிடிக்கீங்களோ?" என்று கேலி செய்தேன். அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டே, "பெருசாத்தானுங்க தம்பி எழுதறேன். கை அதைச் சின்னதாக்கிப் போடுதுங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் உண்மையைச் சொன்னார் என்பது புரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அதே சமயத்தில்தான் பால் அடிப்பிடித்து டிஸ்பென்சரி முழுக்கக் கருகல் நாற்றம் அடித்த நாளும் வந்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை. நான் ஓடிவந்து பாத்திரத்தை இறக்கினேன். "எனக்கு ஒண்ணும் வாசன வல்லீங்களே" என்றார். இதைப் பின்னால் எந்த டாக்டரும் கேட்கவில்லை. நானாகத்தான் இன்று சேர்த்துப் பார்க்கிறேன்; தப்பாகவும் இருக்கலாம்.

முத்துப்பேச்சிக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முத்துப்பேச்சி கொழுந்து எடுக்கும் பெண்; வாய்த் துடுக்கு அதிகம், மனசு வெள்ளை. பிள்ளையைக் கழுவித் துணியில் சுற்றி அவள் பக்கத்தில் வைத்த நர்ஸம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லையாம். மறுநாள் அவள் என்னிடம் அழுதாள். "மாமியா மூஞ்சியத் தூக்குனா எனக்கென்னன்னு கிடப்பேன். நர்ஸம்மாவுமா? பொட்டப்புள்ளைன்னு அவுகளுக்கும் அம்புட்டுச் சலிப்பா கம்பவுண்டரே?" என்றாள். நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் திகைத்துப்போனார். "நான் சிரிச்சனுங்களே தம்பி. நல்லாச் சிரிச்சனுங்களே!" என்றார். பிறகு எழுந்து மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். சிரித்துப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த முகம் அசையவில்லை. இமைகூடச் சரியாகக் கொட்டவில்லை. நான் மாத்திரை எண்ணப் போய்விட்டேன்.

நடுக்கம் அதற்குப் பிறகு வந்தது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அப்படி. "நர்ஸம்மா மடியில கொழுந்து கிள்ளுதாவ" என்று பெண்கள் கேலி பேசினார்கள். உண்மையிலேயே கொழுந்து கிள்ளுகிற அசைவுதான் அது. ஆனால் ஒரு குழந்தையைக் கையில் வாங்கினால் நடுக்கம் நின்றுவிடும். அதுதான் எங்களை ஏமாற்றியது. "வேலைய எடுத்தா நின்னுருதுங்க. வேலைக்குப் பயப்படற வியாதி எங்காச்சும் உண்டுங்களா?" என்று அவர் கேட்டார். பெரிய கம்பவுண்டர் நானும் தலையாட்டினேன். குடித்துக் கை நடுங்குகிறவர்களுக்கு டம்ளரைத் தூக்கும்போதுதான் நடுக்கம் கூடும். இது அதற்கு நேர்மாறாக இருக்கிறதே என்று ஒரு நிமிடமாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

நடையும் மாறியது. மேட்டிலிருந்து இறங்கும்போது உடம்பு முன்னால் சாய்ந்து, கால்கள் பொடிப்பொடியாக ஓட்டம் எடுக்கும். நிறுத்த முடியாமல் எதிரில் வருகிறவர் மேலேயோ தேயிலைச் செடி மேலேயோ போய் விழுந்துதான் நிற்பார். இதைவிடக் கொடுமை வாசற்படி. பிரசவத்துக்குக் கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு லயம் வரைக்கும் வந்துவிடுவார். நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒருத்தி கதறிக்கொண்டிருப்பாள். இவர் வெளியே மரம் மாதிரி நிற்பார். ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? உள்ளே கெட்டது ஏதோ நடக்கப் போகிறது, நர்ஸம்மாவுக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் மாமியார்க்காரி, "வாசல்ல நிக்காவளே, எம் மருமவ பிழைக்க மாட்டாளா?" என்று மாரடித்து அழவே ஆரம்பித்துவிட்டாள். தாயும் பிள்ளையும் நன்றாகத்தான் பிழைத்தார்கள். ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. நர்ஸம்மா வாசலில் நின்றால் சகுனம் சரியில்லை என்று, கூப்பிடவே தயங்கினார்கள்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் முத்துப்பேச்சிதான். கொழுந்து எடுக்கிறவர்கள் செடியின் மேல்மட்டம் ஒரே சீராக இருக்க, நீளமான கம்பு ஒன்றைப் படுக்க வைத்து மட்டம் பார்ப்பார்கள். தங்கச்சியின் பிரசவத்துக்கு அக்காவை அழைத்து வந்தவள், அவர் வாசலில் நின்றுபோனதும் ஆத்திரத்தில் கையிலிருந்த மட்டக்கம்பை அவர் காலடியில் போட்டாள். "இதைத் தாண்டுங்கம்மா, எங்க வரப்பைத் தாண்டுத மாதிரித் தாண்டுங்க!" என்று கத்தினாள். அக்கா காலைத் தூக்கினார், தாண்டினார், உள்ளே போய்விட்டார். அன்று முதல் எந்த லயத்தில் பிரசவம் என்றாலும் வாசலில் ஒரு மட்டக்கம்பு கிடக்கும். வெறும் தரையில் நடக்க முடியாதவர் குறுக்கே கம்பு கிடந்தால் எப்படி நடக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் நாங்கள் போய்ப் பார்த்த கோட்டயத்து டாக்டர் அதைக் கேட்டுவிட்டு முத்துப்பேச்சியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார்.

கோட்டயத்துக்குப் போனது எழுபத்து நான்கில். விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. "பிரசவம் பார்க்கிற கை. இதில் விளையாட முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், மழைக்காலம் முடியும் வரை பார்ப்போம்" என்றார். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அதைவிட, அக்காவுக்கு அந்த வேலையை விட்டால் வேறு உலகம் கிடையாது. வீட்டாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து பிடித்த வேலை அது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கையைக் காப்பாத்திக் குடுத்தாப் போதுமுங்க தம்பி. காலு போனாப் போகுது, யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்க" என்றார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், மலையாளி, எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசினார். அக்காவின் கையைப் பிடித்து முழங்கையில் மடக்கி நீட்டினார். "இங்க வந்து பிடிச்சு நோக்கு" என்று என் கையை வைக்கச் சொன்னார். பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகர்கிற மாதிரி விட்டுவிட்டு மடங்கியது. எத்தனை தடவை ரத்த அழுத்தம் பார்க்க அந்தக் கையைப் பிடித்திருப்பேன்! ஒருமுறையும் நான் கவனித்ததில்லை. நடக்கச் சொன்னார், வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து தோளை லேசாக இழுத்தார், அப்படியே சாய்ந்தார். எழுதச் சொன்னார், எறும்பு ஊர்ந்தது. கடைசியில் பார்க்கின்சன் என்றார்.

மூளைக்குள் அடியில் கறுப்பாக ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். அங்கிருக்கிற அணுக்கள் டோபமின் என்று ஒரு பொருளைச் சுரக்கின்றன. நினைத்த மாத்திரத்தில் உடம்பு அசைய அது வேண்டும். அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வர, பெரும்பகுதி போன பிறகுதான் வெளியே தெரியுமாம். ஏன் சாகின்றன? டாக்டர் வரிசையாகக் கேட்டார். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததா? தலையில் பலத்த அடி? சுரங்கத்தில் வேலை? மனநோய்க்கு மருந்து, ரத்தக் கொதிப்புக்கு சர்ப்பகந்தி மாத்திரை? வீட்டில் வேறு யாருக்காவது நடுக்கம்? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். "தேயிலைக்கு அடிக்கிற பூச்சி மருந்தா இருக்குமா சார்?" என்று நான் கேட்டேன். "பறையான் பற்றில்ல. காரணம் எங்களுக்கும் தெரியாது" என்றார். அக்கா அப்போது மெதுவாக ஒன்று கேட்டார். "யாரு வயித்தெரிச்சலும் இல்லீங்களே சாமி? என் கையில ரெண்டு மூணு புள்ளைங்க தங்காமப் போயிருச்சுங்க." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லையம்மா என்று அழுத்திச் சொன்னார். அக்கா நம்பியது போலத் தெரியவில்லை. ஆனால் அந்த முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

புதிதாக வந்திருக்கிற மருந்து என்று லெவோடோபா எழுதித் தந்தார். மூளைக்குள் போய் டோபமினாக மாறும். வியாதியைப் போக்காது, உடம்பை அசைய வைக்கும். குமட்டும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எழுதுகிற முன்னால், "வேற எந்தெங்கிலும் மருந்து கழிக்குந்நுண்டோ?" என்று கேட்டார். வேறு மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றோம். அன்றைக்கு அது உண்மை.

ஆறாவது வாரம் ஒரு காலையில் டிஸ்பென்சரிக்குள் வந்த அக்கா, கதவருகே நிற்காமல் நேராக நடந்து வந்தார். பதிவேட்டைத் திறந்து அன்றைய தேதியை எழுதினார். எழுத்து முழுசாக இருந்தது. நான், "மை தீர்ந்துரும் போலிருக்கேக்கா" என்றேன். அவர் சிரித்தார். முகம் முழுக்க, கண் சுருங்கச் சிரித்தார். இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. முத்துப்பேச்சி தன் மூன்றாவது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "இப்பச் சிரிங்கம்மா, இவளுக்குச் சேர வேண்டிய சிரிப்பு இது" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அந்த நல்ல காலம் மூன்று வாரம்கூட முழுசாக இருக்கவில்லை.

கெடுத்தவன் நான். மருந்து குமட்டியது, சாப்பாடு இறங்கவில்லை, ஆள் மெலிந்துகொண்டே வந்தார். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. எங்கள் டிஸ்பென்சரியில் ஒரு வழக்கம் உண்டு. சோர்வு என்று யார் வந்தாலும் பி காம்ப்ளெக்ஸ். பிரசவித்தவளுக்கு, காய்ச்சல் விட்டவனுக்கு, அட்டை கடித்து ரத்தம் போனவனுக்கு, சும்மா வந்து நிற்கிற கிழவருக்கு, எல்லாருக்கும் அதுதான். மாத்திரையாகவும் உண்டு, ஊசியாகவும் உண்டு. சத்து ஊசி என்போம். அதற்கு டாக்டரைக் கேட்கிற பழக்கமே கிடையாது. அது என் அதிகாரம். என் அக்கா கண்ணெதிரே உருகிக்கொண்டிருக்கும்போது அதை அவருக்குக் கொடுக்காமல் இருப்பேனா? ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். ஒரு வாரத்தில் விரல்கள் மறுபடியும் கொழுந்து கிள்ள ஆரம்பித்தன. நான் தினமும் போட ஆரம்பித்தேன். "உங்க ஊசிதானுங்க தம்பி தெம்பு. அந்த மருந்துக்கு வீரியம் போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் அவர். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டாம் முறை கோட்டயம் போனபோது டாக்டர் குழம்பிப்போனார். நன்றாக வேலை செய்த மருந்து திடீரென்று ஏன் நின்றது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அளவைக் கூட்டினார். பிறகு என்னைப் பார்த்து அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். வேறு மருந்து ஏதாவது? "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். பொய் சொல்லவில்லை. சத்து ஊசியை மருந்து என்று எங்கள் எஸ்டேட்டில் யார் நினைத்தார்கள்? வேறு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. மருந்து என்று கேட்டதால் என் வாயில் இல்லை என்றுதான் வந்தது. அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார்.

மழைக்காலம் முடிந்தது. வாரத்துக்கு ஒருநாள் வருகிற எங்கள் டாக்டர் முன்னால், மேனேஜரும் நிற்க, ஒரு சோதனை வைத்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றில் நூலால் முடிச்சுப் போட வேண்டும். ஆயிரம் தடவை அவர் போட்ட முடிச்சு. அன்று காலையில் தெம்பாக இருக்கட்டும் என்று நான் ஒன்றுக்கு இரண்டு ஆம்பூலாகப் போட்டு அனுப்பினேன். நூலை எடுத்தார். முதல் சுற்று வந்தது. இரண்டாவது சுற்றுக்கு விரல் மடங்கவில்லை. நூல் விழுந்தது, எடுத்தார், மறுபடி விழுந்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. முகம் மட்டும் யாருக்கோ நடக்கிற மாதிரி அப்படியே இருந்தது. உதட்டோரத்தில் எச்சில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை. நூலை விட மனம் வரவில்லை. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஓடிப்போய், "போதும்க்கா, போதும்" என்று நூலைப் பிடுங்கினேன். அவர் என்னைப் பார்த்து, குரல் எழும்பாமல், "இன்னொரு ஊசி போடறீங்களா தம்பி?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் ஆறுச்சாமி அண்ணன் வந்து அழைத்துப் போனார். டிஸ்பென்சரி வாசலில் பெண்கள் மட்டக்கம்புகளை வரிசையாகப் படிபோலப் போட்டார்கள், பஸ் நிற்கிற இடம் வரைக்கும். அக்கா ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார்.

நான் அதோடும் விடவில்லை. மாதம் தவறாமல் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டி எருத்தேன்பதிக்குத் தபாலில் அனுப்பினேன். அக்காவும் மாதம் தவறாமல் அட்டை போட்டார். மருந்து வந்து சேர்ந்தது, தினமும் சாப்பிடுகிறேன், தம்பி நலமா, முத்துப்பேச்சி மகள் பள்ளிக்கூடம் போகிறாளா. எழுத்து மட்டும் சிறுத்துக்கொண்டே போனது.

குமுளி இறங்கி, தேனி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறிக் காரியத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆறுச்சாமி அண்ணன் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துச் சொன்னார். கடைசி ஒரு வருடம் படுக்கைதான். புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும். பேச்சு காதை வைத்தால்தான் கேட்கும். கஞ்சி தொண்டையில் இறங்காமல் நெஞ்சுக்குப் போய்ச் சளி கட்டி, அதில்தான் போனார். "கட்டில் சட்டத்துல நூலைக் கட்டிக் கட்டிப் பாத்துட்டே இருக்குமுங்க. ஒண்ணும் இறுகாதுங்க" என்று ஒரு நூல் துண்டைக் காட்டினார். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கூடப் பொறந்தவன் நான் செய்யாததை நீங்க செஞ்சீங்க. டாக்டர் மாத்திரை ஆகலீன்னு அக்கா ஒரு வருசத்துலயே உட்டுப்போட்டுது. நீங்க அனுப்புனதை ஒரு நாளு உடலீங்க. வாயில இறங்காதப்பவும் தண்ணில கரைச்சு ஊத்தச் சொல்லுமுங்க. உங்களுக்கு நாங்க எப்படி நன்றி சொல்றதுன்னே தெரீலீங்க" என்றார்.

மிச்சமிருந்த லெவோடோபாப் பெட்டி ஒன்றை, உங்கள் டிஸ்பென்சரியில் யாருக்காவது ஆகட்டும் என்று கொடுத்தனுப்பினார். பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் அதைத் திறந்தேன். உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது. மருந்துப் பெட்டிகளில் வருகிற அந்தத் தாள்களை நான் ஒருநாளும் படித்ததில்லை. சதுரமாக வெட்டிப் பொடி மருந்து மடிப்பதற்கு வைத்துக்கொள்வேன். அக்காவின் முதல் பெட்டித் தாளையும் அப்படித்தான் வெட்டினேன், நன்றாக நினைவிருக்கிறது. இதை மட்டும் பஸ் வரவில்லையே என்று படித்தேன். பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி ஆறு, இந்த மருந்தின் பலனை அழித்துவிடும். அது சேர்ந்த சத்து மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்று இங்கிலீஷில் ஒரு வரி. எங்கள் சத்து ஊசியில் அது உண்டு. மாத்திரையிலும் உண்டு. எருத்தேன்பதிக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது. பஸ்ஸும் எதிரில்தான் நின்றது. நான் பழனி பஸ்ஸில் ஏறினேன்.

தாளில் தப்பாகப் போட்டிருப்பார்கள் என்ற நப்பாசையில் அடுத்த வாரம் கோட்டயம் போனேன். டாக்டர் அக்காவை மறந்திருக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும், "ஞான் அன்னு சோதிச்சில்லே?" என்றார். ஆமாம், அன்றைக்கே கேட்டார். இரண்டு முறை கேட்டார். அந்தச் சத்து உடம்பிலேயே மருந்தை மாற்றிச் செலவழித்துவிடும், மூளைக்குப் போய்ச் சேர விடாது என்றார். வியாதி எப்படியும் இருந்திருக்கும், வளர்ந்தும் இருக்கும். "ஆனாலும் சில வருஷம் நல்லா நடந்திருப்பாங்க" என்றார். முடிச்சுப் போட்டிருப்பார்களா என்று கேட்டேன்.

இப்போது டிஸ்பென்சரிக்கு யார் வந்தாலும், சத்து மாத்திரை, டானிக், வைத்தியர் கொடுத்த பொடி, கஷாயம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். தாள்களை வெட்டுவதில்லை. அக்காவின் நூல் மருந்து அலமாரியில், அவர் சிரித்துப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஒன்பது முடிச்சுகள், ஒன்றும் இறுகாதவை.

அக்கா வீட்டிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இன்னும் ஒன்று உண்டு. ஆறுச்சாமி அண்ணே, அன்று உங்கள் வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்ன நன்றி. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவுக்கு நான் என்ன செய்தேன் என்று தெரியாமல் சொல்லிவிட்டீர்கள்.